தேர்த் திருவிழா படம், 300 × 400 கட்டம்: எந்தத் துணியில், எப்படித் தைப்பது?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கூலில் தையல் டீச்சர் மேட்டி துணியை (இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்த துணி) கையில் கொடுத்து கிராஸ் ஸ்டிச், அதாவது பெருக்கல் குறி மாதிரி எண்ணிப் போடுகிற தையல், சொல்லிக்கொடுத்த தலைமுறை நான். நடுவில் விட்டுப்போய், இப்போது சில வருஷமாக 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணியில் சின்னச் சின்னதாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். பூ, கிளி, குழந்தை பெயர் எழுதிய சட்டம், அந்த அளவுதான்.

இந்த முறை ஆசை பெரிதாகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் தேர் கிளம்பும்போது என் தம்பி எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. கீழே வடம் பிடிக்கும் கூட்டம், நடுவில் சீலை கட்டிய தேர், அதன் பின்னால் கோபுரம், மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் நீல வானம். அதை சாஃப்ட்வேரில் போட்டு, எந்தக் கட்டத்தில் எந்தக் கலர் என்று காட்டும் சார்ட் எடுத்தேன். அகலம் 300 கட்டம், உயரம் 400 கட்டம், 90 கலர். பெருக்கிப் பார்த்தால் 1,20,000 தையல் வருகிறது, அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

லாரன்ஸ் ரோட்டில் மேட்டி துணி மீட்டர் கணக்கில், கையைக் கடிக்காத விலைக்குக் கிடைக்கிறது, அகலமும் தாராளம். அதிலேயே தைத்துவிடலாமா, இல்லை ஐடாதான் வாங்க வேண்டுமா? ஐடா என்றால் 14-ஆ, 16-ஆ, 18-ஆ? பெரிய படம் தைப்பவர்கள் 25 கவுண்ட் ஈவன்வீவில் (கட்டம் இல்லாமல், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தனித்தனி இழையாக நெய்த துணி) ஒரு இழை நூல் வைத்துத் தைக்கிறார்கள் என்று வீடியோக்களில் பார்க்கிறேன், ஆனால் எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்தாகிவிட்டது. அப்புறம் தைக்கிற முறை. நான் ஒரு கலரை எடுத்தால் அது இருக்கிற இடமெல்லாம் தைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த கலரைத் தொடுவேன். 90 கலருக்கு அது சரிப்படுமா? பார்க்கிங் முறை என்கிறார்களே, ஊசி ஊசியாகத் தொங்கவிட்டு, அது பெரிய படத்துக்குக் கட்டாயமா? தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்க வளையம் போதுமா, ஃப்ரேம் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை_ஊசி (புதுச்சேரி)

துணியை ஒரு நிமிஷம் விடுங்கள், முதலில் சுவரைப் பாருங்கள். கட்டத்தின் எண்ணிக்கையை கவுண்ட்டால் வகுத்தால் அங்குலம் வந்துவிடும். உங்கள் 300 × 400 சார்ட் 14 கவுண்ட்டில் ஏறக்குறைய 21½ × 28½ அங்குலம். 16-இல் 18¾ × 25. 18-இல் 16¾ × 22¼. 25 கவுண்ட்டில் துணியின் ஒவ்வொரு இழைக்கும் ஒரு தையலாகத் தைத்தால் வெறும் 12 × 16. இதற்கு மேல் சுற்றிலும் 3 அங்குலம் துணி விட வேண்டும், இல்லாவிட்டால் படத்துக்குச் சட்டம் போடுபவர் இழுத்துக் கட்ட இடமில்லாமல் திட்டுவார். 14 கவுண்ட் என்றால் மவுண்ட், கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட ஒரு ஜன்னல் கதவு அளவுக்கு வரும். மாட்ட இடம் இருக்கிறதா, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் செலவு செய்ய மனசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பேர் துணி விலையை மட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் சட்டத்தின் விலையைக் கேட்டுச் சுருட்டி பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, துணி தெரியாமல் நூல் மூட வேண்டும். நீங்கள் இதுவரை தைத்த பூவும் கிளியும் வேறு, அங்கே சுற்றிலும் வெள்ளைத் துணி தெரிவதே அழகு. இது முழுக்க மூடுகிற படம். 14 கவுண்ட்டில் இரண்டு இழை போட்டால் கறுப்பு, அடர் நீலம், மெரூன் போன்ற இடங்களில் இடுக்கில் வெள்ளை எட்டிப் பார்க்கும், அதைத் தவிர்க்க மூன்று இழை போட வேண்டும், நூல் செலவு ஏறும், தையலும் தடிக்கும். 18 கவுண்ட்டில் இரண்டு இழை கச்சிதம். 25-இல் ஒரு இழை முழு கிராஸ் நன்றாக வரும், இரண்டு இழை வைத்து டென்ட் ஸ்டிச், அதாவது பின்பக்கம் நீளமாகச் சாய்ந்து போகிற அரைத் தையல், இன்னும் நன்றாக மூடும், ஆனால் அது துணியை ஒரே பக்கமாகக் கோணி இழுக்கும், இறுக்கமான ஃப்ரேம் இல்லாமல் செய்யாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 18 கவுண்ட் ஐடா. 16 என்று நடுவில் நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, 14-இன் இடுக்குப் பிரச்சினையும் கொஞ்சம் இருக்கும், 18-இன் நுணுக்கமும் வராது. ஐடாவில் இழைகள் கட்டம் கட்டமாகச் சேர்ந்து நிற்பதால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், வெள்ளெழுத்துக் கண்ணாடியும் நல்ல எல்இடி மேசை விளக்கும் இருந்தால் 18 ஒரு பயமே இல்லை. 25 கவுண்ட் லுகானா என்கிற ஈவன்வீவ், பருத்தியும் விஸ்கோஸும் கலந்த மெத்தென்ற துணி, தைக்க சுகம், ஆனால் அதில் கட்டம் இல்லை, தனித்தனி இழைதான், எண்ணும்போது ஒரு இழை தப்பினாலும் தெரியாது. 28 கவுண்ட்டில் துணியின் இரண்டு இழைக்கு ஒரு தையலாகத் தைப்பது 14 கவுண்ட்டுக்குச் சமம், அதனால் உங்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியம் அந்த சார்ட். 90 கலர் தேவையே இல்லை. சாஃப்ட்வேர் போட்டோவில் இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கலர் கொடுத்துவிடும், கூட்டத்தில் இருக்கிற தலைகளிலும் சட்டைகளிலும் ஒற்றைக் கட்டமாகச் சிதறிக் கிடக்கும், நாங்கள் அதை கன்ஃபெட்டி என்போம், தைப்பவரின் உயிரை எடுப்பது அதுதான். 50, 55 கலருக்குக் குறைத்து மறுபடி சார்ட் எடுத்து, இரண்டு படத்தையும் ஆறடி தள்ளி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த 35 கலரும் வீண்.

அப்புறம் வானம். மேலே மூன்றில் ஒரு பங்கு என்கிறீர்கள், 130 வரிசை என்று வைத்தால் 300 × 130, அதாவது 39,000 தையல் வெறும் நீலம். டிஎம்சி கம்பெனி நூல் ஸ்கீன், அதாவது சிட்டம், ஒன்று 8 மீட்டர், ஆறு இழை, இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். 18 கவுண்ட்டில் ஒரு கிராஸுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் போகும், தொடக்கம் முடிவு சேதாரம் சேர்த்து 8 என்று வையுங்கள், ஒரு ஸ்கீனுக்கு 3,000 கிராஸ். வானத்துக்கு மட்டும் 13 ஸ்கீன்! நான் உங்கள் இடத்தில் இருந்தால் வெளிர் நீல ஐடா வாங்கி வானத்தைத் தைக்காமலே விட்டுவிடுவேன். ஒரு எச்சரிக்கை, அப்படி விட்டால் பின்பக்கம் ஒரு நூலைக்கூட வானத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகக் கூடாது, முன்னால் நிழலாகத் தெரியும்.


பாவு_ஊடை (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

நான் தைப்பவன் இல்லை, வீட்டில் தைக்கிறார்கள். நான் மில்லில் தறிப் பக்கம் இருந்தவன், ரோடியர் மில் என்று இங்கே எல்லோரும் சொல்வோமே, 1898-இல் தொடங்கியது, இப்போது மூடிவிட்டார்கள், அங்கே. மேட்டி துணி பற்றி அந்த அம்மா கேட்டதால் எழுதுகிறேன்.

தறியில் நீளவாக்கில் இறுக்கிக் கட்டியிருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை என்பதைத் தறியில் இருக்கிற அச்சு முடிவு செய்துவிடும், நெய்யும்போது அதில் கை வைக்க முடியாது. ஊடை அப்படி இல்லை, பற்சக்கரத்தை மாற்றி நெருக்கமாகவும் விடலாம், கலகலவென்றும் விடலாம். ஊடையைக் குறைத்தால் நூல் மிச்சம், தறியிலிருந்து துணியும் வேகமாக இறங்கும். மேசை விரிப்புக்கும் திரைக்கும் போகிற துணியை யார் அங்குலம் வைத்து எண்ணப் போகிறார்கள்? அதனால் சாதாரணத் துணியில் பாவும் ஊடையும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நெய்பவருக்கு இல்லை. இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்கிற மேட்டியும் அப்படித்தான். ஐடா, ஈவன்வீவ் என்று விற்கிற துணிக்குக் காசு கொடுப்பதே இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்கிறது என்பதற்காகத்தான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு ஸ்கேலும் இரண்டு குண்டூசியும் எடுத்துப் போங்கள். துணியின் கரைக்கு இணையாக 4 அங்குலம் அளந்து இரண்டு முனையிலும் ஊசி குத்தி நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். அப்புறம் கரைக்குக் குறுக்காக அதே 4 அங்குலம். ஓர் அங்குலம் மட்டும் எண்ணினால் தெரியாது. குறுக்கே 44 கட்டமும் நீளத்தில் 40 கட்டமும் வந்தால், அதாவது அங்குலத்துக்கு 11-ம் 10-ம் என்றால், உங்கள் படம் அகலத்தில் 27¼ அங்குலம் வரும், உயரம் 36¼ வர வேண்டியது 40 அங்குலம் வந்து நிற்கும். தேர்ச் சக்கரம் முட்டையாகிவிடும். துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்தால் தேர் குள்ளமாகி அகலமாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேட்டியிலேயே தைக்க வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. சார்ட் போடும் சாஃப்ட்வேர் சிலவற்றில் அகலத்துக்கு ஒரு கவுண்ட், உயரத்துக்கு ஒரு கவுண்ட் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். துணியை முதலில் நனைத்துக் காயவைத்து, அப்புறம் எண்ணி, அந்த எண்ணைக் கொடுத்து சார்ட் எடுங்கள். நனைக்காமல் எண்ணினால் பிரயோசனம் இல்லை, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு முதல் தண்ணீரில்தான் தளர்ந்து சுருங்கும், பெரும்பாலும் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். துணி மொத்தத்தையும் ஒரே பீஸிலிருந்து வாங்குங்கள். கத்தரியால் கண்மட்டத்துக்கு வெட்டாதீர்கள், ஓர் இழையை உருவிவிட்டு அந்தக் கோட்டில் வெட்டினால்தான் நேராக வரும்.

ஆனால் என் வீட்டில் கேட்டால் மேட்டியில் இவ்வளவு பெரிய படம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். 10, 11 கவுண்ட்டில் தைத்தால் நூல் எவ்வளவு போகும் என்று மேலே அவர் போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள், மூன்று நான்கு இழை இல்லாமல் மூடாது.


தேவனாம்பட்டினம்_தையல் (கடலூர்)

ஐயா சொன்னது மேட்டி பற்றி நான் படித்ததிலேயே தெளிவான விளக்கம், நன்றி. நான் முறை பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் பார்க்கிங் பார்க்கிங் என்று சொல்லி புதிதாக வருபவர்களைப் பயமுறுத்துகிறார்கள்.

அக்கா, நீங்கள் ஏற்கெனவே செய்கிற ஒரு கலர் முறை, கிராஸ் கன்ட்ரி என்பார்கள், அது ஒன்றும் தப்பு இல்லை. வேகமானதே அதுதான், ஊசியில் நூலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பெரிய படத்தில் அதில் இருக்கிற ஒரே ஆபத்து எண்ணுவதில் தவறுவது, ஒரு கட்டம் தள்ளிப்போனால் அது மற்ற கலர்களோடு சேரும்போதுதான் தெரியும், அதற்குள் நூறு தையல் போட்டிருப்போம். அதற்கு மருந்து துணியில் கட்டம் போடுவது. சார்ட்டில் பத்துக்குப் பத்து தடித்த கோடு இருக்கும் இல்லையா, அதே இடத்தில் துணியிலும் கோடு. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் போடுவார்கள், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வருஷக்கணக்கில் துணியில் கிடக்கப் போகிற மை, இடையில் தெரியாமல் இஸ்திரி பட்டுவிட்டால் பழுப்பாக நின்றுவிடும். நம் ஊரில் அதற்கு வேறு நல்ல சரக்கு இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் வலைச் சாமான் விற்கிற கடையில் தூண்டில் நரம்பு, தங்கூசி என்போமே, இருப்பதிலேயே மெல்லியதாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணில் படுகிற மாதிரி சிவப்போ பச்சையோ கிடைத்தால் விடாதீர்கள். பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை மேலே போய்க் கீழே வந்து நீளமாக ஓட்டிவிட்டால் போதும். சாதாரண நூலால் கட்டம் போட்டால் தைக்கும்போது ஊசி அதைக் குத்திக்கொண்டு போய்விடும், பின்னால் உருவ முடியாது. நரம்பை ஊசி துளைக்காது, கடைசியில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். ஒரே ஒரு விஷயம், முனைகளை நீளமாக விட்டு ஓரத்தில் மடக்கி டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் விரலைக் குத்தும், தானாகவும் நழுவும்.

பார்க்கிங் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சித்திரை வைகாசியில் கடலூரில் மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டுங்கள் பார்ப்போம். நாற்பது நூல் தொங்குகிறது, மேலே விசிறி சுற்றுகிறது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மொபைலில் சார்ட்டைப் பார்த்துத் தைப்பதாக இருந்தால் பேட்டர்ன் கீப்பர் என்ற ஆப் இருக்கிறது, ஆண்ட்ராய்டுக்கு. ஒரு சின்னத்தைத் தொட்டால் அது இருக்கிற இடமெல்லாம் பளிச்சென்று காட்டும், தைத்ததை அழித்துக்கொண்டே வரலாம். கிராஸ் கன்ட்ரிக்கு அதுதான் உயிர். ஆனால் உங்கள் சாஃப்ட்வேர் தருகிற பிடிஎஃப்பை அது சரியாகப் படிக்கிறதா என்று முதலிலேயே போட்டுப் பாருங்கள்.


லாஸ்பேட்டை_ஊசி

தேவனாம்பட்டினம் தங்கச்சி, விசிறி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மாட்டுகிற விசிறி இருந்தால் காலுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம், அதுதான் என் ஏற்பாடு. ஆனால் பார்க்கிங்கை ஒரேயடியாகத் தள்ளாதே. இந்தப் படத்தில் மூன்று விதமான இடம் இருக்கிறது. தேர்ச்சீலை, பட்டை பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும், அதற்கு கிராஸ் கன்ட்ரிதான், பார்க்கிங் போட்டால் பைத்தியக்காரத்தனம். கோபுரம் நடுத்தரம். கூட்டம் இருக்கிறதே, அங்கே ஒரு கலர் இங்கே இரண்டு கட்டம், முப்பது கட்டம் தள்ளி ஒரு கட்டம் என்று இருக்கும். அதில் கிராஸ் கன்ட்ரி செய்தால் ஒன்று, பின்னால் நூலை நீளமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லை, இரண்டு தையலுக்கு ஒரு முறை முடித்து வெட்ட வேண்டும். அங்கே பத்துக்குப் பத்து கட்டமாக எடுத்து, அந்தக் கட்டத்தில் ஒரு கலரை முடித்ததும் அதே கலர் பக்கத்துக் கட்டத்தில் எங்கே முதலில் வருகிறதோ அந்த ஓட்டையில் நூலை முன்னால் எடுத்துத் தொங்கவிடுவது, அவ்வளவுதான் பார்க்கிங். அந்தக் கட்டத்துக்கு வரும்போது நூலே அடுத்த தையல் எங்கே என்று சொல்லிவிடும், எண்ணவே வேண்டாம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு ஊசி தேவையும் இல்லை, நூலை மட்டும் தொங்கவிட்டு ஒரே ஊசியில் மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ளலாம். நூல் நீளம் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தொங்கித் தொங்கி மயிர் பிரியும்.

நூலைத் தொடங்குவதற்கு முடிச்சு போடவே போடாதீர்கள், கெடிலக்கரை. இரண்டு இழை என்பதால் வழி சுலபம். ஒரே இழையை இரட்டிப்பு நீளத்தில் எடுத்து இரண்டாக மடித்து, இரண்டு முனையையும் ஊசியில் கோத்து, முதல் அரைத் தையலின் பின்னால் இருக்கிற வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். முடிக்கும்போது பின்னால் நான்கைந்து தையலுக்கு அடியில் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். எந்த முறையில் தைத்தாலும் எல்லா கிராஸிலும் மேல் கால் ஒரே பக்கம் சாய வேண்டும், இது மாறினால் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். வரிசையாக அரைத் தையல் போட்டுத் திரும்பி வந்து மூடுவது ஐடாவுக்குப் போதும். 25 கவுண்ட்டில் ஓர் இழை மேல் தைப்பவர்கள் ஒவ்வொரு கிராஸையும் அப்போதைக்கு அப்போது முடித்துக்கொண்டு போவது நல்லது, இல்லாவிட்டால் அரைத் தையல் துணி இழைக்கு அடியில் நழுவிவிடும்.


வில்லியனூர்க்காரி (புதுச்சேரி)

எல்லாம் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், கடற்கரை ஊரில் தைப்பது பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள். உப்புக்காற்றுக்கு இரண்டு மழைநாளில் துருப்பிடித்து துணியில் பழுப்புப் புள்ளி விழும், லேசில் போகாது. 18 கவுண்ட்டுக்கு மொண்ணை முனை கொண்ட டேபஸ்ட்ரி ஊசி 26 நம்பர், ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் துணியை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைப்பதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். தானே புயல் வந்தபோது (2011 டிசம்பர்) பீரோவுக்குள் கவரில் இருந்ததே எங்கள் வீட்டில் கறுப்புப் புள்ளியோடு வெளியே வந்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

கடைசியில் துவைக்க போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் பக்கம் பல இடங்களில் உப்பும் இரும்பும் சேர்ந்து வருகிறது. கேன் தண்ணீரில் அலசுங்கள். சிவப்பு, மெரூன், அடர் நீலம் மூன்றையும் தைப்பதற்கு முன்னாலேயே ஒரு துண்டு நூல் வெட்டி நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். தேர்ச்சீலை முழுக்கச் சிவப்பு, பக்கத்திலேயே வெள்ளை, சாயம் இறங்கினால் மொத்தமும் ரோஸ் ஆகிவிடும். அப்படி இறங்கினாலும் காயவிடாமல் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் போய்விடும், இஸ்திரி போட்டால் நிரந்தரம். பெயர் தெரியாத மலிவு நூலை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

டிஎம்சி முழுக்க வாங்க முடியாவிட்டால் ஆங்கர் நூல் நேரு வீதிக் கடைகளிலும் உங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களிலும் கிடைக்கும். நம்பர் மாற்றும் அட்டவணை இருக்கிறது, டிஎம்சி 310 கறுப்பு என்றால் ஆங்கரில் 403, இப்படி. ஆனால் கறுப்பு வெள்ளை தவிர மற்றவை எல்லாம் கிட்டத்தட்டதான், ஒன்றுபோல இருக்காது. இரண்டு டிஎம்சி நம்பருக்கு ஒரே ஆங்கர் நம்பர் வரும் இடங்களும் உண்டு, முகத்தின் நிழல் எல்லாம் அங்கே ஒரே கலராகிவிடும். அதனால் சாஃப்ட்வேரிலேயே ஆங்கர் நூலைத் தேர்ந்தெடுத்து சார்ட் எடுப்பது மாற்றி எழுதுவதைவிட நல்லது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ரொமைன் ரோலண்ட் வீதியில் இருக்கிற குளூனி எம்பிராய்டரி சென்டரில் கேட்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள், பெண்கள் உட்கார்ந்து கையால் பூத்தையல் போட்ட விரிப்பு, நாப்கின் எல்லாம் செய்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான், கை சுத்தம் என்றால் என்ன என்று தெரியும். ஆனால் அது துணியில் வரைந்து தைக்கிற வேலை, எண்ணித் தைக்கிற நம் வேலைக்கான துணியை அங்கே தேடாதீர்கள்.


கெடிலக்கரை

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஸ்கேலும் குண்டூசியும் எடுத்துக்கொண்டு லாரன்ஸ் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். 4 அங்குலத்தில் குறுக்கே 43, நீளத்தில் 38. மேட்டி ஆசை அங்கேயே முடிந்தது.

சார்ட்டை 54 கலருக்குக் குறைத்தேன், நிஜமாகவே தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கோபுரத்தில் மட்டும் இரண்டு மூன்று பொம்மைகள் மங்கிவிட்டன, அங்கே நானே கையால் இரண்டு பழுப்பு நிறம் சேர்த்துக்கொண்டேன். வெளிர் நீல 18 கவுண்ட் ஐடா இங்கே கிடைக்கவில்லை, வெள்ளையும் க்ரீமும்தான் இருக்கிறது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். 24 × 30 அங்குலம் கேட்டால் சரியாக இருக்குமா? வெள்ளை வாங்கி வானத்தையும் தைக்கலாமா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. ஃப்ரேம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்புறம் வானத்தை விட்டுவிட்டால் எங்கே தொடங்குவது? சின்னப் படம் என்றால் துணியை நான்காக மடித்து நடுவில் தொடங்குவேன்.


தேவனாம்பட்டினம்_தையல்

ஃப்ரேமுக்கு வெளியே போகவே வேண்டாம் அக்கா. பிளம்பிங் கடையில் அரை அங்குல பிவிசி பைப், நான்கு எல்போ. 12 அங்குலச் சதுரமாக மாட்டி, அதன் மேல் துணியைப் போட்டு, கொஞ்சம் பெரிய பைப்பை நீளவாக்கில் பிளந்து கிளிப் மாதிரி அழுத்திவிட்டால் துணி விறைப்பாக நிற்கும். கடையில் க்யூ ஸ்னாப் என்று விற்பதும் இதே யோசனைதான். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், துணியைக் கிழிக்கும். வளையத்திலும் தைக்கலாம், ஆனால் உள் வளையத்தைப் பருத்தி நாடாவால் சுற்றி, தைத்து முடித்ததும் தினமும் கழற்றிவிட வேண்டும், போட்டே வைத்தால் வட்டத் தடம் பதியும், தைத்த இடத்தின் மேல் வளையத்தை அழுத்தினால் தையல் படிந்துவிடும். உங்கள் படம் முழுக்கத் தைத்த இடம்தான், அதனால் பைப்தான் என் ஓட்டு.


பாவு_ஊடை

அம்மா, ஆன்லைன் துணி வந்ததும் அதையும் 4 அங்குலம் வைத்து எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் 72 வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. கரை எந்தப் பக்கம் வருகிறது என்று ஓரத்தில் நூலால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு துண்டு கூடுதலாக வாங்க நேர்ந்தால் உதவும்.


லாஸ்பேட்டை_ஊசி

24 × 30 போதும், படம் 16¾ × 22¼, சுற்றிலும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் நிற்கும். துணி வந்ததும் நான்கு ஓரத்தையும் மடித்து ஓடுதையல் போட்டுவிடுங்கள், ஐடா பிரிய ஆரம்பித்தால் நிற்காது.

வெள்ளையா நீலமா என்று இங்கே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். க்ரீமோ வெள்ளையோ 18 கவுண்ட் சின்னத் துண்டு அங்கேயே வாங்கி, கோபுரம் வானத்தைத் தொடுகிற ஓரத்தில் இருபதுக்கு இருபது கட்டம் மட்டும், வானத்தோடு சேர்த்து, உங்கள் நூலில், உங்கள் விளக்கில் தைத்துப் பாருங்கள். கண் வலிக்கிறதா, நூல் மூடுகிறதா, வானத்தைத் தைக்கும்போது கொட்டாவி வருகிறதா, மூன்றும் அந்த நானூறு தையலில் தெரிந்துவிடும். வானம் தைப்பது பிடித்துப்போகிற ஆட்களும் இருக்கிறார்கள், டிவி சீரியல் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டு போவார்கள், நீங்கள் அந்த ஜாதி என்றால் வெள்ளையே வாங்கிக்கொள்ளுங்கள், நீல நூலை மட்டும் பதிமூன்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த லாட்டில் சாயம் லேசாக மாறினாலும் வானத்தில் கோடு விழும்.

தொடங்குகிற இடம்: நடுவில் வேண்டாம், முழுக்க மூடுகிற படத்தில் நடுவிலிருந்து நாலா பக்கமும் கிளம்பினால் கணக்கு உதைக்கும். முதலில் தங்கூசிக் கட்டத்தை 300 × 400-க்கும் போட்டு முடியுங்கள், வானத்துக்கும் சேர்த்துத்தான், தைக்காவிட்டாலும். அப்புறம் சார்ட்டில் கோபுரத்தின் உச்சிக் கலசம் எந்தப் பத்துக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்து, துணியில் அதே பத்துக் கட்டத்துக்குப் போய் அங்கிருந்து கீழே இறங்குங்கள். கோபுரம், தேர், கடைசியில் கூட்டம். அதற்குள் பார்க்கிங் பழகியிருக்கும்.